கடைசி அரை நிமிடம்

இன்னும் முப்பத்தொரு நிமிடம். விறாந்தைச் சுவரில் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன, பரராசசிங்கம் நிலம் துடைக்கிற தடியை வாளிக்குள் அமுக்கிப் பிழிந்தபடி அதைப் பார்த்தார், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார், பார்த்தால் எண் அப்படியே நிற்கிறது, பார்க்காமல் தடியை நாலு இழுவை இழுத்தால் ஒரு நிமிடம் விழுகிறது. காலை ஐந்தரை. காலை என்று சொல்வதும் ஒரு பழக்கத்துக்குத்தான். நோர்வேயின் இந்த வடக்குத் தீவில் ஆனி மாதம் சூரியன் விழுவதில்லை, செக்கில் கட்டின மாடு மாதிரி வானத்தைச் சுற்றிச் சுற்றி வரும், பதினேழு வருடமாக இரவு வேலை பார்க்கிற மனுசனுக்கு வருடத்தில் இரண்டு மாதம் இரவே கிடையாது. துடைத்த நிலத்தில் வெயில் விழுந்து கண்ணைக் குத்தியது. ஆறு மணிக்கு வேலை முடியும், ஆறு ஒன்றுக்கு அது வரும். அது என்றால் நாலு பேர் இருக்கிற ஒரு கலம். மேலே விண்வெளி நிலையத்தில் இன்னும் ஐந்து மாதம் இருந்திருக்க வேண்டியவர்கள் இன்றைக்கு இறங்குகிறார்கள். இந்தத் தீவின் தலைக்கு மேலால் கடைசித் தரம் போய், அதற்குப் பிறகு எஞ்சினை எரித்து, பூமியின் மற்றப் பக்கத்தில் ஏதோ ஒரு சமுத்திரத்தில் விழுவார்கள். ஒருவருக்குச் சுகமில்லை, ஆரென்று சொல்லமாட்டோம், அது அவருடைய சொந்த விசயம் என்று அறிவித்துவிட்டார்கள். நேற்று பஸ்ஸில் இரண்டு மீன்பிடிகாரர் பந்தயம் கட்டினார்கள், தலைவனுக்கு நெஞ்சு வருத்தம் என்று ஒருவன், இல்லை ஆருக்கோ மண்டை பிசகிவிட்டது என்று மற்றவன். பின் சீட்டில் இருந்த பரராசசிங்கம் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஆரென்று தெரியும். வலது கை என்று தெரியும். ஒரு கிழமை என்று தெரியும். சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சொல்லிட்டியளே அண்ணே.

அந்தக் குரல் வாளித் தண்ணீருக்குள்ளிருந்தும் வருகிறது, பஸ் கதவு மூடுகிற சத்தத்திலும் வருகிறது. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்திலிருந்த பிள்ளை வாத்தியாரிடம் கோள் சொல்லிவிட்டால் கேட்கிற குரல். சொல்லிட்டியளே. அதோடு சரி, பத்து நிமிடம் முடிந்துவிட்டது, நிலையம் தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டது, காதுக்குள் வெறும் இரைச்சல். இந்த இடத்தின் வேலையே அந்தப் பத்து நிமிடம்தான். மலைமேல் நிற்கிற பெரிய வெள்ளைத் தட்டு, கோயில் அண்டாவைச் சரித்துவைத்த மாதிரி, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வடக்கே திரும்பி அதைப் பிடிக்கும், பத்து நிமிடம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போய், தெற்கே விட்டுவிடும். பரராசசிங்கத்துக்கு இதை ஒருவரும் படிப்பிக்கவில்லை. குப்பைக்கூடையில் விழுகிற தாள்களை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், அகராதியை வைத்துக்கொண்டு, வரும் நேரம், எழும்பும் பாகை, விழும் பாகை என்று இரண்டு மாரிகாலம் மல்லுக்கட்டி அவராகவே படித்தது. ஒருநாள் நிலத்தைக் கூட்டிக்கொண்டு போகிற போக்கில், "இண்டைக்கு ரெண்டு நிமிசம் பிந்தித்தான் வரும்" என்று சொல்லிவிட்டார். தட்டைப் பார்த்துக்கொள்ளும் தோருன் தன் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பாரா, நீ வாளியை என்னட்டத் தந்திட்டு இந்தக் கதிரையில இரு." அவள் எல்லாவற்றையும் பகிடியாகத்தான் சொல்வாள். பரராசசிங்கம் என்ற பெயரை முதல் நாளே பாதியில் முறித்துப் பாரா ஆக்கியதும் அவள்தான், சட்டையில் குத்துகிற அட்டையிலும் அதுவே வந்துவிட்டது, இருபத்தெட்டு வருடத்தில் இந்த நாட்டில் அவருக்கு மிஞ்சின பேர் இரண்டெழுத்து.

இருபத்தாறு நிமிடம். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டுப்பாட்டு அறைக் கதவில் தோருன் வந்து நின்றாள், சப்பாத்தில்லாமல் வெறும் கம்பளி மேசுடன், கையில் கோப்பி. "அந்த இடத்தை விடு பாரா. தேய்ச்சுத் தேய்ச்சு கீழ இன்னொரு தீவு கண்டுபிடிக்கப் போறாய்." அவர் சிரித்தார். சிரிப்பு முகத்துக்கு வர நேரமெடுத்தது. "உள்ள வந்து நிக்கிறியா? ஒருத்தரும் கேக்கமாட்டினம்." "இல்லை, வேலை கிடக்கு." "ஒரு வேலையும் இல்லை." பிறகு கோப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "நல்லாத்தான் இருக்கிறாளாம் பாரா. ஒன்பது நாளா நல்ல இங்கிலீசு கதைக்கிறாள். மேல இருக்கிற மெசினாலயும் பார்த்தவையாம், கழுத்து நரம்பு, இருதயம், ஒண்டுமே இல்லையாம்." ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஒன்றுமே இல்லையாம். ஒன்றுமே இல்லாததுக்கா. அவர் தடியை இழுத்தார்.

ஒன்பது நாளைக்கு முன்னம் இதே விறாந்தை, இதே வாளி. தோருன் மேசுக் காலோடு ஓடிவந்து ஈரத்தில் வழுக்கிச் சுவரைப் பிடித்தாள். "பாரா, நீ மனிசியோட போனில கதைக்கிற மாதிரி ஒரு சத்தம் மேல இருந்து வருது." முதலில் விளங்கவில்லை. ஒரு பெண்ணுக்கு இங்கிலீசு நின்றுவிட்டது, வேறு ஏதோ கதைக்கிறாள், மேலே இருக்கிற மற்ற மூன்று பேருக்கும் தெரியவில்லை, பூமியிலிருந்து எல்லாவற்றையும் நடத்துகிற பெரிய நிலையத்தில் டொக்டர் லைனில் நிற்கிறார், அவருக்கும் தெரியவில்லை, வழக்கமாய் வானத்தில் நின்று குரலைக் கடத்துகிற செய்மதி அந்த மணித்தியாலம் பார்த்துப் பழுது, இந்தத் தட்டு மட்டும்தான், இன்னும் எட்டு நிமிடம். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போய் இருந்தார். ஹெட்போனைத் தோருன்தான் மாட்டிவிட்டாள். காலடியில் ஒரு பெடல், மிதித்தால் உன் குரல் மேலே போகும் என்றாள். விட்டால் போகாது என்று சொன்னாளா, சொல்லவில்லையா. இந்த ஒன்பது நாளில் அதைத்தான் நூறுதரம் தோண்டிப் பார்த்துவிட்டார், சொன்னாளா, இல்லையா. யாழ்ப்பாணத்தில் மினிவான் ஓட்டின கால். பெடல் என்றால் மிதிக்கத்தான் அதற்குத் தெரியும்.

"யாரு? யாரு தமிழ்ல பேசுதது?" வானத்திலிருந்து வந்தது. "நான் பரராசசிங்கம். யாழ்ப்பாணம். கீழ இருந்து கதைக்கிறன், பிள்ளை." ஒரு சிரிப்பு வந்தது, அப்படியொரு சிரிப்பு, தண்ணிக்குள் மூச்சடக்கிவிட்டு மேலே வந்தவள் மாதிரி. "யாழ்ப்பாணமா! நான் ஜெனோவா, எனக்கு மணப்பாடு அண்ணே. கடலுக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நாங்க." "இப்ப ரெண்டு பக்கத்துக்கும் மேலயெல்லோ இருக்கிறியள்," என்றார் இவர். எட்டு நிமிடத்தில் ஒன்றை இரண்டு பேருமாய் அந்தச் சிரிப்புக்குச் செலவழித்தார்கள். அந்த ஒரு நிமிடத்தைத்தான் இப்போதும் நினைக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த நிமிடத்தில் அவர் சந்தோசமாக இருந்தார், நோயாளியோடு கதைக்கிறோம் என்பது மறந்துபோய், அங்கே வருத்தக்காரி, இங்கே வாளிக்காரன் என்பதெல்லாம் போய், ஆரோ சொந்தக்காரியை றோட்டில் கண்ட மாதிரி. டொக்டர் காதுக்குள் கத்தினார், இரண்டு கையையும் உயர்த்தச் சொல்லு. அவள் உயர்த்தினாள் போலும். பிறகு குரலை இறக்கினாள். "இங்கிலீசு காதுல ஏறுது அண்ணே, வாயில வரல. அங்கன ஒரு கதவு அடச்சிக்கிட்டு. தமிழ் எப்படியோ பின்வாசல் வழியா வருது. வலது கை என்னோடதே இல்லாத மாதிரி கெடக்கு. ஒரு வாரமா வந்து வந்து போவுது. இத அவுககிட்ட சொல்லிராதிய. தூங்கி எந்திரிச்சா சரியாயிரும். நாளை கழிச்சு நான் வெளிய, வெட்டவெளியில எறங்கணும். பதினோரு வருசம் அண்ணே. தண்ணித் தொட்டிக்குள்ள முங்கி முங்கிப் பதினோரு வருசமா ஒரே நட்டைக் கழத்திக்கிட்டு இருக்கேன்." என்ன சொல்கிறாள், என்ன சொல்கிறாள் என்று காதுக்குள் டொக்டர். பரராசசிங்கம் வாயைத் திறந்தார். ஷி சே ரைட் ஹாண்ட் நொட் ஹேர்ஸ். வன் வீக். ஷி சே டோன்ட் டெல். கால் பெடலில். எல்லாம் அப்படியே மேலே போனது, அவளுக்கு ஏறுகிற இங்கிலீசில். சொல்லிட்டியளே அண்ணே.

பத்தொன்பது. கை வருத்தத்தைச் சொன்னது சரி. சொல்லாதே என்றாள் என்பதையும் ஏனடா சொன்னாய். அதைச் சொல்லியிராவிட்டால் அவளே மனம் மாறிச் சொன்னதாகப் போயிருக்கும், ஒளித்தவள் என்ற பேர் வந்திருக்காது, இப்போது அவளுடைய காகிதத்தில் வருத்தத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஏறியிருக்கும். ஆனால் மொழிபெயர்க்கிறவன் ஒரு சொல்லும் விடக்கூடாது. விட்டவனை அவருக்குத் தெரியும். அகதி விசாரணையில் பக்கத்தில் இருந்த அந்த வடிவாக உடுத்த மனுசன், பரராசசிங்கம் தன் தம்பி குகனைப் பற்றிக் கால் மணித்தியாலம் சொன்னதை ஒரு வரியில் மடித்து அதிகாரியிடம் கொடுத்தான், ஏன் என்று கேட்டதுக்கு, "உம்மட கேசுக்கு அது தேவையில்லை" என்றான். குகன் கேசுக்குத் தேவையில்லாமல் போனான். இந்த நாட்டின் எந்த அலுமாரியிலும் குகன் என்ற பெயரில் ஒரு கடதாசி கிடையாது. அன்றைக்கு நினைத்தது, என் வாய்க்கு வந்தால் முழுவதும் சொல்வேன். முழுவதும். அப்படியா. அந்தக் கால் மணித்தியாலத்தில் முழுவதும் சொன்னாயா நீ. தடி சுவரில் முட்டியது. தண்ணீர் குளிர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு இனி நிலம் இல்லை.

குளிர் என்றால் அந்தக் காடு வந்துவிடும், அதுதான் மாரியில் அவர் குளிரைப் பற்றி ஒருவரோடும் கதைப்பதில்லை. மொஸ்கோவிலிருந்து மரம் ஏற்றின லொறிக்குள் பதினொரு பேர், பிறகு எல்லையை நடந்து கடக்க வேண்டும். காசு வாங்கி ஆட்களைக் கடத்துகிற ஏஜென்சிக்காரன் ரோச்லைட்டை ஒவ்வொரு முகமாக அடித்துக்கொண்டு வந்தான், இருமுறவன், காய்ச்சல்காரன் ஆரும் இருந்தால் இப்பவே சொல்லுங்கோ, அவன் இஞ்சை நிக்கட்டும், பிறகு நடுக்காட்டில வைச்சு என்னால தூக்கிக் காவேலாது. ரோச் வருவதற்கு முதல், பலகைகளுக்கு நடுவில், காதுக்குக் கிட்ட வந்தான் குகன். இருபத்திரண்டு வயது. ஊரில் அவனுக்கு மேடையே ஏறத் தெரியாது, ஆனால் வீட்டுக்குள் ஆரைப் போலவும் கதைத்துக் காட்டுவான், தபால்காரர், சங்கக்கடை மனேச்சர், பெரியம்மாவின் குறட்டை. "அண்ணை, மூண்டு நாளா எனக்குக் காய்ச்சல் காயுது. அவனிட்டச் சொல்லிப்போடாதை. விட்டிட்டுப் போயிடுவான்." தானாக வந்துதான் சொன்னான். சொல்லியிராவிட்டால் தெரிந்தே இருக்காது, அந்தக் குளிரில் ஆர் ஆரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. ரோச் வந்தது. முதலில் குகனின் முகத்தில், பிறகு இவரின் முகத்தில். இவர் வெளிச்சத்தை நேரே பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தார். இரண்டாம் நாள் குகன் நடந்தான், இவருடைய சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தான், நடுவில் ஏஜென்சிக்காரனின் குரலில் கதைத்துக் காட்டி மற்றவர்களைச் சிரிக்கவும் வைத்தான். மூன்றாம் நாள் விடியப்புறம் சேட்டைப் பிடித்த கை விட்டது. பனியைக் கையால் வாரித்தான் மூடினார்கள். குளிர் தாங்காமல் செத்தான் என்று ஊருக்குச் சொன்னார், அம்மாவுக்குச் சொன்னார், பிறகு கட்டின பவளத்துக்கும் அதுதான். காய்ச்சல் என்ற சொல்லை அந்தக் கதைக்குள் அவர் ஒருநாளும் விட்டதில்லை. தெரியும் என்பதை, தெரிந்துகொண்டு வெளிச்சத்தைப் பார்த்தேன் என்பதை.

அப்படியென்றால் ஒன்பது நாளைக்கு முன்னம் வாயைத் திறந்தது ஆருக்காக. மணப்பாட்டுக்காரிக்காகவா. இல்லை, இருபத்தெட்டு வருடம் பிந்தி ஏஜென்சிக்காரனுக்குப் பதில் சொன்னாயா. ஒருவனுக்குச் சொல்லாமல் விட்டதை இன்னொருத்தியில் சொல்லித் தீர்த்தாயா, அவள் என்ன உனக்குக் கடன்பட்டவளா. ஒன்றுமே இல்லையாம். நித்திரை கொண்டு எழும்பியிருந்தால் சரியாகிப்போயிருக்கும், அந்த நட்டைக் கழற்றியிருப்பாள், பூமி காலுக்குக் கீழே சுற்ற, ஒரு கையால் பிடித்துக்கொண்டு. இல்லை, வெளியே நிற்கிறபோது கை விட்டிருக்கும். விட்டிருக்குமா. எவனும் சொல்லமாட்டான், தெரிந்துகொள்ள வழியில்லை, குகனையும் அந்த லொறியடியில் விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆர் கண்டது, ஆளரவமில்லாத அந்த இடத்தில் அங்கேயே கிடந்து செத்திருக்கவும் கூடும். சொன்னாலும் தெரியாது, சொல்லாவிட்டாலும் தெரியாது. பவளத்திடம் இந்த விண்வெளி விசயத்தை மட்டும் சொன்னார். அவள் மீன் பக்டரிக்குப் புறப்பட்டு நின்றாள், அவளுக்குப் பகல் வேலை, பத்து வருடமாக ஒரே கட்டிலில் அவள் எழும்பின சூட்டில் இவர் படுக்கிறார். றப்பர் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே சொன்னாள், "நீங்கள் சரியாத்தான் செய்திருக்கிறியள். ஒரு உயிரெல்லோ. புட்டு மூடி வைச்சிருக்கிறன், சாப்பிட்டிட்டுப் படுங்கோ." ஒரு உயிரெல்லோ. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார், யன்னல் திரைக்குப் பின்னால் சூரியன் விடாமல் நின்றது.

"பாரா." மூன்று நிமிடம். வெளியே தட்டு திரும்புகிற சத்தம், பெரிய கப்பல் கரையை உரசுகிற மாதிரி, நிலத்தால் ஏறிக் காலுக்குள் வந்தது. அவர் வாளியைக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே போனார். ஏன் போனார் என்று கேட்டால் கால் போனது. தோருன் இரண்டாவது ஹெட்போனை எடுத்து நீட்டினாள், பக்கத்துக் கதிரையைக் காலால் தள்ளிவிட்டாள். இந்த அறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு தரமும் முதல் அரை நிமிடமும் கடைசி அரை நிமிடமும் தட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சொந்தம். முதல் அரை நிமிடம் குரல் சரியாக வருகிறதா என்று மேலே இருக்கிறவர் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிக் காட்டுவார், பிறகு லைனைப் பெரிய நிலையத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், கடைசி அரை நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்வா சொல்ல வேண்டும். அந்த இரண்டு அரை நிமிடத்தையும் வேறொருவரும் கேட்பதில்லை. இன்றைக்கு எண்ணியது அவள். வன், டூ, த்ரீ. சுத்தமான இங்கிலீசு, ஒரு பிசிறு இல்லை. பரராசசிங்கம் ஹெட்போனைக் காதோடு அமுக்கிக்கொண்டார். பிறகு அமுக்கம் இவ்வளவு, எரிபொருள் இவ்வளவு, பட்டி இறுக்கியாயிற்று, எல்லாம் அவள்தான் வாசித்தாள், வேண்டுமென்றே அவளைத்தான் வாசிக்க விட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு எண்ணும் இடறவில்லை. இவளையா இறக்கினேன். தலைவன் நடுவில் ஏதோ பகிடி விட்டான், நாலு பேரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஆனால் அந்தச் சிரிப்பில்லை, அந்தத் தண்ணிக்கு மேலே வந்த சிரிப்பில்லை. ஒன்பது நிமிடம் போனது. தட்டு தெற்கே சரிந்துகொண்டிருந்தது. தோருன் லைனை வாங்கினாள், வடக்கிலிருந்து எல்லாருக்கும் நல்ல பயணம் என்றாள், பெடலை விட்டாள்.

"அண்ணே. அங்கன இருக்கியளா?"

தோருன் அவரைப் பார்த்தாள். கதிரையைப் பின்னால் உருட்டி இடம் விட்டாள். இருபத்தாறு விநாடி. அவர் பெடலில் காலை வைத்தார். "ஓம் பிள்ளை. இருக்கிறன்."

"கை இன்னும் என்னோடது இல்ல அண்ணே." மெல்ல, பக்கத்துச் சீட்டுக்காரனுக்குச் சும்மா ஏதோ கும்பிடுகிறாள் என்று தோன்றுகிற மாதிரி ஒரே சுருதியில். "ஒன்பது நாளும். எடக்கையாலதான் எல்லாம் செய்யுதேன், ஒருத்தருக்கும் தெரியல. காலையில இருந்து எடது கண்ணுலயும் ஒரு ஓரம் இல்ல. கீழ போனதும் தானா சரியாயிரும். அவுககிட்ட சொல்லிராதிய."

பதினாலு. என்ன சொல்கிறாள், என்று தோருன் உதட்டால் கேட்டாள். ரோச்லைட் முகத்துக்கு நேரே வந்து நின்றது. சூரியன்தான், யன்னலால் வந்த சூரியன்தான். அவர் காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை. "பிள்ளை, நான் சொல்லப்போறன்."

இரைச்சல். அதற்குள் ஒரு மூச்சு.

"தெரியும் அண்ணே."

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்தான் இருந்தது, ஒரு அளவாய், மழை பெய்கிற மாதிரி. தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாள். இருக்கியளா என்று தேடிக் கேட்டாள். சொல்லிவிடுவான் என்று தெரிந்த ஒருவனை உலகம் முழுக்கத் தேடி, அவனுடைய காதுக்குள்ளே கொண்டுவந்து. அப்படியென்றால் குகனும். அந்தப் பலகைகளுக்கு நடுவில். தானாக வந்து சொன்னது, அண்ணன் சொல்லிவிடுவான் என்றுதானா.

"பாரா, என்ன சொன்னவள்?" தோருனின் கையில் ஏற்கெனவே டொக்டரின் லைன் இருந்தது.

"வலது கை இன்னும் வரேல்லையாம்," என்றார், நோர்வேஜியனில், ஒவ்வொரு சொல்லாக வைத்து. "ஒன்பது நாளும் ஒளிச்சவளாம். இடது கண்ணில ஒரு ஓரம் தெரியேல்லையாம், இண்டைக்குக் காலமையில இருந்து. எஞ்சினை எரிக்க முதல் டொக்டருக்குத் தெரியவேணும்." தோருன் அதை அப்படியே இங்கிலீசில் டொக்டருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள், மற்றப் பக்கத்தில் பல குரல்கள் ஒன்றாக எழும்பின, எத்தனை நிமிடம் இருக்கிறது, மற்றச் செய்மதி எப்போது பிடிக்கும் என்று ஆரோ கத்தினார்கள். பரராசசிங்கம் நிறுத்தவில்லை. நிறுத்தத்தான் நினைத்தார். "பொடியனுக்கும் காய்ச்சல். மூண்டு நாளாய்க் காயுது. சொல்லவேண்டாம் எண்டு சொன்னவன். அவன் என்னட்ட வந்து சொன்னவன், நான் சொல்லாமல் விட்டிட்டன். அவனை இஞ்சை விட்டிட்டுப் போங்கோ, நானும் அவனோட நிக்கிறன், எங்களை விட்டிட்டுப் போங்கோ எண்டு நான் சொல்லியிருக்கவேணும்."

தோருன் லைனைத் தோளில் அணைத்துக்கொண்டு திரும்பினாள். அவளுடைய முகத்தில் பகிடி இல்லை.

"எந்தப் பொடியன், பாரா?"

வெளியே தட்டு வேலை முடிந்து மெல்ல நிமிர்ந்து, ஒன்றும் இல்லாத வானத்தைப் பார்த்தபடி நின்றது. அவருடைய கால் இன்னும் பெடலில்தான் இருந்தது.